புட்டியில் வந்த சத்து

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே, கரிசல் பூமியில் இருக்கிறது எங்கள் இளையரசனேந்தல். பழைய ஜமீன் ஊர். வானத்தைப் பார்த்து வாழும் சீமை. இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவனுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோடு வேலை தீர்ந்து விடுவதில்லை. பாங்கியிலிருந்து வந்த கடிதமானாலும் சரி, மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டானாலும் சரி, இங்கிலீஷில் அச்சான காகிதம் எதுவும் கடைசியில் அவன் கைக்குத்தான் வந்து சேரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுத்த தெருப் பெரியவர் வீட்டுப் பையன் மூச்சு இரைக்க ஓடி வந்தான்.

"தாத்தாவுக்கு மூஞ்சியெல்லாம் சிவந்துபோச்சு, உடம்பெல்லாம் எரியுதாம். உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்!"

நான் போய்ப் பார்த்தபோது பெரியவர் திண்ணையில் மேல்சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். முகம், கழுத்து, மார்பு எல்லாம் மிளகாய் வற்றலை அரைத்துப் பூசினாற்போல் செக்கச் செவேலென்று இருந்தன. வீட்டு அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். ஒருவர் 'சூடு' என்றார். மற்றொருவர் 'கண்ணேறு' என்றார். அரைமணி நேரத்தில் சிவப்பு மெல்லத் தணிந்தது. அதன் பிறகுதான் பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருக்கிறான், தம்பி. மருந்து இல்லையாம்; வெறும் வைட்டமின்தானாம். இரத்தத்தில் இருக்கிற கொழுப்பைக் குறைத்துவிடுமாம். இன்றைக்குத்தான் முதல் மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது, பாரும்."

சீட்டைப் படித்தேன். நியாஸின், 500 மில்லிகிராம் என்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து, பட்டணத்து வைத்தியர் ஒருவர் தினந்தோறும் இரவில் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடும்படி எழுதிக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும்.

"அந்த மாத்திரை எங்கே, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது தீர்ந்து பதினைந்து நாளாயிற்று. புட்டி வருகிறதே, இனிமேல் அது எதற்கு என்று வாங்கவில்லை."

அவர் முகம் சிவந்ததைக் கண்டு எனக்கு உண்டான பயத்தைவிட, இந்தப் பதிலைக் கேட்டு உண்டான பயம் அதிகம். சிவப்பு தானே மறைந்துவிட்டது. ஆனால் பதினைந்து நாளாக நின்றுபோன மாத்திரையோ அவருடைய இருதயத்துக்குக் காவல் நின்ற மாத்திரை. இந்த வீட்டில் நடந்தது இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடக்கக்கூடியது. ஆகையால் இந்த நியாஸின் என்பது என்ன, அது கொழுப்பைக் குறைப்பது உண்மையா, உண்மையானால் அதைச் சாப்பிடுவதில் என்ன தவறு என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுதுவது உசிதமென்று நினைக்கிறேன்.

தவிட்டிலே கிடைத்த வஸ்து

நியாஸின் என்பது 'பி' தொகுதியைச் சேர்ந்த ஜீவசத்துக்களில் ஒன்று. பி-3 என்று எண்ணிட்டு வழங்குவதும் உண்டு. அதன் இயற்பெயர் நிகோடினிக் அமிலம். புகையிலையில் உள்ள நிகோடின் என்ற நஞ்சிலிருந்து 1867-ம் வருஷத்தில் ரசாயன நிபுணர்கள் இதை முதன்முதலில் தயாரித்தார்கள். அப்போது அது ஒரு சத்து என்பது ஒருவருக்கும் தெரியாது. 'வைட்டமின்' என்ற பதத்தையே 1912-ல் உலகுக்குக் கொடுத்த காஸிமிர் பங்க் என்பவர், பெரிபெரி நோய்க்கு மருந்து தேடி அரிசித் தவிட்டை ஆராய்ந்தபோது, இந்த அமிலம் அவர் கையில் அகப்பட்டது. பெரிபெரி அதனால் தீரவில்லை. ஆகவே அதை ஒதுக்கி வைத்துவிட்டார். மற்றொரு பெரிய வியாதிக்கு அதுவே மருந்து என்பது பின்னால்தான் தெரியவந்தது.

அந்த வியாதிக்குப் பெல்லாக்ரா என்று பெயர். வெயில் படும் இடங்களில் தோல் கருகித் தடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி கலங்கும். அமெரிக்காவின் தென் பகுதியில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் லக்ஷக்கணக்கில் இதனால் துன்புற்றார்கள். இது தொற்றுநோய் என்றே வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1914-ல் இதை ஆராயப் புகுந்த டாக்டர் ஜோஸப் கோல்ட்பெர்கர், அநாதை விடுதிகளில் பாலும் முட்டையும் மாமிசமும் பயறும் கொடுத்து நோயை விரட்டிக் காட்டினார். 'தொற்று' என்று சாதித்தவர்களின் வாயை அடைக்க, நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார், நோய் வரவில்லை. ஆகாரக் குறையே காரணம் என்பது விளங்கிற்று. ஆனால் குறைந்தது எந்தச் சத்து என்பதை அறியுமுன் 1929-ல் அவர் காலமாகிவிட்டார். 1937-ல் விஸ்கான்ஸின் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கான்ராட் எல்வெஜெம் என்பவர், நாய்களுக்கு வரும் இதே ஜாதி நோயை நிகோடினிக் அமிலம் குணமாக்குவதைக் கண்டார். பிற்பாடு ரொட்டி மாவில் இதைக் கலக்கத் தொடங்கியபோது, 'புகையிலை நஞ்சை மாவில் கலக்கிறார்கள்' என்று ஜனங்கள் மிரளக்கூடாதே என்பதற்காக 'நியாஸின்' என்ற புதுப் பெயரைச் சூட்டினார்கள்.

குன்னூரும் ஹைதராபாத்தும்

இந்தச் சத்தின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1918-ல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், பெரிபெரியை ஆராய ஓர் அறையில் தொடங்கிய சிறு வேலை, பிறகு போஷாக்கு ஆராய்ச்சி சாலையாக வளர்ந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டோடு ஒட்டியிருக்கும் 'பி' சத்துக்கள் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றன என்பதையும், அதனால் எவ்வளவு தீட்டினாலும் புழுங்கலரிசியில் பச்சரிசியைக் காட்டிலும் அதிகம் சத்து மிஞ்சுகிறது என்பதையும் அங்கே அளந்து காட்டினார்கள். நம் பாட்டிமார் வழக்கத்தில் வைத்திருந்ததற்கு விஞ்ஞானம் கொடுத்த அத்தாட்சி அது. 1958-ல் அந்தச் சாலை ஹைதராபாத்துக்கு மாறிற்று. 1969 முதல் தேசிய போஷாக்கு நிலையம் என்று பெயர் பெற்றது.

அங்கே தலைமை வகித்தவர்களில் சேலத்தில் பிறந்து சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த டாக்டர் கோபாலன் பிரசித்தர். 1918-ல் பிறந்த அவர் நூறு வயது கடந்து 2019-ல் காலமானார். தக்ஷிண பீடபூமியில் சோளம் உண்ணும் ஏழைகளிடையே பெல்லாக்ரா ஏன் வருகிறது என்ற புதிரை அவர் எடுத்துக்கொண்டார். புதிர்தான், ஏனெனில் தீட்டிய அரிசியைவிடச் சோளத்தில் நியாஸின் அதிகம். சோளப் புரதத்தில் மிகுந்திருக்கும் லூஸின் என்ற பகுதி, உடம்பு நியாஸினை உண்டாக்கிக் கொள்வதற்கு இடையூறு செய்கிறது என்று அவரும் டாக்டர் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் வெளியிட்டார்கள். சோளத்தையே தின்று, வேறொன்றும் வாய்க்காதவனுக்குத்தான் இந்த ஆபத்து. சோளச் சோற்றோடு பருப்பும் மோரும் கடலையும் சேர்ந்துவிட்டால் கவலையில்லை. பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்திலிருந்து உடம்பே ஓரளவு நியாஸினைத் தயாரித்துக் கொள்கிறது. நிலக்கடலையிலோ அது நேராகவே இருக்கிறது. நூறு கிராம் கடலையில் ஏறக்குறைய 12 மில்லிகிராம்.

வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 14 முதல் 16 மில்லிகிராம் அளவுதான். பெரியவர் வெறும் வயிற்றில் போட்ட ஒரு மாத்திரையில் இருந்தது 500. அதாவது, ஒரு மாசத்துக்கு வேண்டிய சத்து ஒரே விழுங்கில் போய்விட்டது. அதுவும் சோற்றோடு கலந்து சிறுகச் சிறுகப் போகவில்லை. கரைந்தவுடன் இரத்தத்தில் பாய்ந்தது. தோலில் உள்ள சில அணுக்கள் அதனால் தூண்டப்பட்டு, இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் ஒரு வஸ்துவைப் பெருக்கின. முகம் சிவந்ததன் ரகசியம் இதுதான், சூடுமில்லை, கண்ணேறுமில்லை.

சத்து மருந்தான கதை

நியாஸினுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? அது தெரியவந்தது கனடா தேசத்தில். சாஸ்கட்டூன் நகரத்து ஸர்வகலாசாலையில் உடற்கூறு ஆசிரியராக இருந்த ருடால்ப் ஆல்ட்ஷுல், முயல்களுக்குக் கொழுப்பூட்டி இரத்தக் குழாய்கள் தடிப்பதை ஆராய்ந்து வந்தார். அதே மாகாணத்தில் ஏப்ரஹாம் ஹாபர் என்ற டாக்டர், மனோவியாதிக்காரர்களுக்கு நியாஸினை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்விருவரும் ஸ்டீபன் என்ற மற்றொருவரும் சேர்ந்து, நியாஸினைக் கிராம் கணக்கில் கொடுத்தால் மனிதருடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைகிறது என்று 1955-ல் அறிவித்தார்கள். இரத்தக் கொழுப்பைக் குறைக்க வைத்தியர்களுக்குக் கிடைத்த முதல் மருந்துகளில் இது ஒன்று.

கொழுப்பு என்றவுடனே அதைப் பகை என்று எண்ணுவது தவறு. கொலஸ்டிரால் இல்லாமல் உடம்பில் ஓர் அணுகூட நிற்காது. ஈரலே அதைப் பெரும்பாலும் தயாரிக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் கலவாதது போலக் கொழுப்பும் இரத்தத்தோடு கலப்பதில்லை. ஆகவே அதை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஈரலிலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் சரக்குக் கொண்டுபோகும் வண்டி எல்.டி.எல். இவ்வண்டிகள் மிகுந்தால், வழியிலே இரத்தக் குழாயின் சுவரில் சரக்கு சிந்திப் படிகிறது; குழாய் நாளடைவில் குறுகுகிறது. மிஞ்சிய சரக்கைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவரும் வண்டி எச்.டி.எல். முன்னதைக் 'கெட்ட கொழுப்பு' என்றும் பின்னதை 'நல்ல கொழுப்பு' என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இவற்றோடு டிரைகிளிசரைடு என்ற மூன்றாவதும் உண்டு; உண்ட மாவும் சர்க்கரையும் நெய்யும் உடம்பில் சேமிப்பாக மாறும் உருவம் அது.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிராமும் அதற்கு மேலும் கொடுக்கும்போது நியாஸின் இம்மூன்றையுமே வேண்டிய திசையில் திருப்புகிறது. டிரைகிளிசரைடு நூற்றுக்கு 20 முதல் 50 வரை குறையும்; எல்.டி.எல். 5 முதல் 25 வரை குறையும், எச்.டி.எல். 15 முதல் 35 வரை ஏறும். எச்.டி.எல்.-ஐ இவ்வளவு ஏற்றும் மருந்து வேறு இல்லை என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். இங்கே ஒரு முக்கியமான பேதத்தைச் சொல்ல வேண்டும். கடைகளில் நிகோடினமைடு என்ற மற்றோர் உருவமும் கிடைக்கிறது. சத்துக்குறையைத் தீர்ப்பதில் அது நியாஸினுக்குச் சமானம். ஆனால் கொழுப்பை அசைப்பதில்லை. ஆகையால் கொழுப்பைக் குறைப்பது சத்து என்ற முறையில் அது செய்யும் வேலையன்று என்பது தெளிவு. உடம்புக்கு வேண்டிய அளவைப்போல் நூறு மடங்கு கொடுக்கும்போது வேறொரு மருந்தாக அது நடந்துகொள்கிறது.

எண்ணும் ஆயுளும்

எச்.டி.எல். விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்க முடியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கணக்கு 2014-ல் வெளிவந்தது. பரிசோதித்தவர்களில் மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குமேல் இல்லை. டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் முப்பது பேர் அளவு. ஆனால் எச்.டி.எல். குறைந்தவர்களோ எழுபத்திரண்டு பேர்! மேனாட்டாருக்கு முதற்குறை எல்.டி.எல். மிகுதி என்றால், நமக்கு எச்.டி.எல். குறைவு பெருங்குறை. 'அப்படியானால் எச்.டி.எல்.-ஐ ஏற்றும் நியாஸின் நமக்கென்றே பிறந்த சஞ்சீவியல்லவா?' என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியதுண்டு.

ஆனால் வைத்தியத்தில் கேட்க வேண்டிய கேள்வி, 'காகிதத்தில் எண் மாறிற்றா?' என்பதல்ல, 'மாரடைப்பு குறைந்ததா, மனிதர் பிழைத்தாரா?' என்பதே. அந்தக் கேள்வியை மூன்று பெரிய பரிசோதனைகள் கேட்டிருக்கின்றன.

முதலாவது அமெரிக்காவில், 1966 முதல் 1975 வரை. ஏற்கெனவே மாரடைப்பு வந்து பிழைத்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத் தினம் மூன்று கிராம் நியாஸின் கொடுத்தார்கள். உயிர் போகாத மறு மாரடைப்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது. பரிசோதனை நடந்த காலத்தில் மரணம் குறையவில்லை. எனினும் பல வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, நியாஸின் சாப்பிட்டவர்களில் மரணம் நூற்றுக்குப் பதினொன்று குறைந்திருந்தது. நியாஸினின் கீர்த்தியெல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டாடின் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானியரான அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து அந்த வகையின் முதல் வஸ்துவைக் கண்டெடுத்தது 1973-ல். மாத்திரையாக விற்பனைக்கு வந்தது 1987-ல். எல்.டி.எல். ஏறக்குறைய 40 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது அதற்குப் பிறகு பல பரிசோதனைகளில் நிச்சயமாயிற்று.

ஸ்டாடின் சாப்பிடுகிறவர்களுக்கு நியாஸினையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்மை உண்டா? இதை அறிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,414 பேரைக் கொண்டு இரண்டாவது பரிசோதனை நடந்தது. எச்.டி.எல். ஏறிற்று, டிரைகிளிசரைடு இறங்கிற்று, காகிதத்தில் எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் மாரடைப்பு முதலிய ஆபத்துக்கள் நியாஸின் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒரே மாதிரிதான் வந்தன. பிரயோஜனமில்லை என்று கண்டு, குறித்த காலத்துக்கு முன்பே 2011-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது இன்னும் பெரிது. ஆக்ஸ்போர்ட் ஸர்வகலாசாலையார் பிரிட்டன், சீனா, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகிய இடங்களில் 25,673 பேரைச் சேர்த்து, முகச் சிவப்பைத் தடுக்கும் ஒரு மருந்தோடு நியாஸினைக் கொடுத்து, நாலு வருஷ காலம் கவனித்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. நியாஸின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 13.2 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 13.7 பேருக்கும் இருதய, இரத்தக்குழாய் ஆபத்துக்கள் வந்தன. வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கெடுதலோ கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக நீரிழிவு வந்தவர்கள் அதிகம். முன்பே நீரிழிவு இருந்தவர்களுக்கு அது கட்டுக்கு மீறிற்று. வயிற்றுக் கோளாறும், தொற்றும், இரத்தப் போக்கும் மிகுந்தன. சேர்த்துக் கொடுத்த மற்ற மருந்துதான் கெடுத்தது என்று சிலர் வாதித்தார்கள். ஆனால் அது சேராத இரண்டாவது பரிசோதனையிலும் பலன் பூஜ்யந்தானே! அமெரிக்க சர்க்கார் 2016-ல், ஸ்டாடினோடு நியாஸினைச் சேர்த்துக் கொடுப்பதற்கு முன்பு அளித்திருந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏன் இப்படி? எச்.டி.எல். வண்டிகளின் எண்ணிக்கைதான் காகிதத்தில் தெரிகிறது. அவை சரக்கு ஏற்றி வருகின்றனவா, இல்லையா என்பது அதில் தெரிவதில்லை. சந்தைப்பேட்டையில் வெறும் வண்டிகளை நூறாக நிறுத்தி வைத்துவிட்டால் ஊரில் குப்பை குறைந்துவிடுமா? பிறவியிலேயே எச்.டி.எல். மிகுந்திருப்பவர்களின் வம்ச ஆராய்ச்சியும், அந்த மிகுதி மட்டும் மாரடைப்பைத் தடுப்பதில்லை என்றே சொல்கிறது. 2024-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வைத்திய நிலையத்திலிருந்து வந்த செய்தி இன்னும் யோசிக்கத் தக்கது. மிஞ்சிய நியாஸின் உடம்பில் சிதையும்போது உண்டாகும் இரண்டு வஸ்துக்கள் இரத்தத்தில் மிகுந்திருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று இரத்தக் குழாயின் சுவரில் அழற்சியை மூட்டுவதாகவும் தெரிகிறது. இதுவே காரணம் என்று முடிவு கட்ட இன்னும் ஆராய்ச்சி வேண்டும். எனினும் எச்சரிக்கைக்கு இது போதும்.

சத்து என்ற பெயரால் வரும் மயக்கம்

நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'மருந்து' என்றால் பயப்படுகிறோம்; 'வைட்டமின்' என்றால் ஆகாரத்தில் சேர்ந்தது என்று எண்ணி நிம்மதி அடைகிறோம். 'மிகுந்தால் என்ன, சத்துத்தானே!' என்கிறோம். கல் உப்பும் ஆகாரத்தில் சேர்ந்ததுதான். குழம்புக்கு ஒரு கரண்டி போடுகிறவர்கள் ஒரு படி போட்டுப் பார்ப்பதுண்டா? தினம் 15 மில்லிகிராம் நியாஸின் ஆகாரம். 2,000 மில்லிகிராம் மருந்து, அதுவும் கடுமையான மருந்து. ஈரலைக் கெடுக்கும் சக்தி அதற்கு உண்டு. மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளில் அந்த அபாயம் அதிகம். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டுவாதத்தைக் கிளப்பும். நீரிழிவு வீட்டுக்கு வீடு குடியேறிவிட்ட நம் தேசத்தில், இதை வைத்தியர் அறியாமல் சாப்பிடுவது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது போலத்தான். அபூர்வமான சிலருக்கு வைத்தியர்களே ஆலோசித்து இதைக் கொடுப்பதும் உண்டு. அது அவர்கள் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து நடத்த வேண்டிய காரியம்.

எச்.டி.எல். குறைந்த நாம் என்னதான் செய்வது? நடப்பதும், உடம்பு வியர்க்க வேலை செய்வதும், புகையிலையை விடுவதும், இடுப்பின் சுற்றளவைக் குறைப்பதும், தீட்டிய அரிசியையும் சர்க்கரையையும் சுருக்கிப் பயறும் காய்கறியும் கூட்டுவதுமே வழி. இவை எச்.டி.எல்.-ஐ ஏற்றுவதோடு நிற்பதில்லை. டிரைகிளிசரைடையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கின்றன. எங்கள் ஊருக்கு அடுத்த கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் உள்ள கடலையில் நியாஸின் வேண்டிய மட்டும் இருக்கிறது. வெல்லமும் இருப்பதால் நீரிழிவுக்காரர்கள் மட்டும் வறுத்த கடலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, ஏற்கெனவே நெஞ்சுவலி வந்தவர்களும், வைத்தியர் ஸ்டாடின் கொடுத்திருப்பவர்களும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால் கை கால் வலி முதலிய உபத்திரவம் இருந்தால் அதை வைத்தியரிடமே சொல்ல வேண்டும். அளவை மாற்றவும் வேறு மாத்திரை தரவும் அவர்களுக்கு வழி தெரியும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரியவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். வைத்தியர் புட்டியை வாங்கிப் பார்த்தார், இரத்தம் சோதித்தார். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்பதாகவும், புட்டி தீருமட்டும் சாப்பிட்டிருந்தால் அது எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும் என்றும் சொன்னார். பழைய மாத்திரையை அன்றிரவே தொடங்கும்படி எழுதிக் கொடுத்தார். பெரியவர் கோபமில்லாமல் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மட்டும் புட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இதைத் தூர எறிய மனசு வரவில்லை, தம்பி. பிள்ளை ஆசையாய் அனுப்பியது" என்றார்.

"ஆசையில் ஒரு குறையுமில்லை, அண்ணாச்சி. இங்கே உங்கள் வைத்தியர் என்ன கொடுத்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் அவனே அனுப்பியிருக்க மாட்டான்."

அன்று இரவு மகனோடு போனில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். முகம் சிவந்ததையும், வைத்தியர் சொன்னதையும், ஸ்டாடின் மாத்திரையின் பெயரையும் என்னைக்கொண்டு விவரமாகச் சொல்லச் செய்தார். பிறகு போனைத் தாமே வாங்கிக்கொண்டார்.

"இனிமேல் புட்டி ஒன்றும் அனுப்ப வேண்டாமப்பா. அந்தப் பணத்தைச் சேர்த்து வை. பொங்கலுக்கு ஒரு நடை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போ."